கட்டாயக் காப்பீட்டு வழக்கும் எதிர்த்தரப்புத் தீதியும்

தொழிலாளர் சட்டத்தில் புதிதாகக் காலடி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

காது மந்தமாகிப் போனதால் கவுனைக் கழற்றி வைத்தவன் நான். நீதிபதி கேட்கும் கேள்வி காதில் விழாத வக்கீலால் யாருக்கு என்ன பயன்? வாய் மட்டும் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றீர்கள், எழுதுகிறேன். என் தமிழ் வீட்டுத் தமிழ். அப்பா இங்கே வங்காளத்தில் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தார், நான் பெஹாலாவில் வளர்ந்தேன், கோர்ட்டில் ஆங்கிலமும் தெருவில் வங்காளமுமாகவே காலம் போயிற்று. எங்காவது இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்ட நுணுக்கங்களை எழுதப் போவதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன, நீங்கள் என்னைவிட வேகமாகத் தேடி எடுத்துவிடுவீர்கள். ஒரே ஒரு வழக்கைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நான் ஜெயித்தேன். ஆனால் ஜெயித்த கதையைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த வழக்கில் எனக்கு எதிராக நின்ற ஒரு பெண் வக்கீலுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் போன் செய்து திட்டுவார். வக்கீல்கள் நாங்கள் எல்லோரும் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். வயதில் என்னைவிடச் சிறியவர்தான். ஆனாலும் எனக்கும் அவர் தீதி, அவருக்கு நான் தாதா, அதாவது அண்ணன்.

வழக்கு இதுதான். தொழிலாளிக்கான கட்டாய மருத்துவக் காப்பீடு பற்றி உங்களுக்குத் தெரியும். சம்பளத்திலிருந்து ஒரு சிறு பங்கு, முதலாளியிடமிருந்து அதைவிடப் பெரிய பங்கு. அதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்தியம். முன்பு ஆலைகளுக்கு மட்டும் இருந்ததை மெல்ல மெல்லக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் நீட்டினார்கள். எங்கள் பகுதியில் அப்படி ஓர் அரசு அறிவிப்பு வந்து, தொழிலாளிகளைச் சேர்த்து அட்டையும் கொடுத்து, சில மாதம் ஆகியிருந்தபோது, சிறிய உணவகக்காரர்கள் ஒன்று சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் தலையில் ஒரு காப்பீட்டைக் கட்டுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம், தொழில் செய்யும் சுதந்திரத்தில் கை வைப்பது என்பது அவர்கள் வாதம். காப்பீட்டை நடத்தும் அலுவலகத்தின் சார்பில் நான். உணவகக்காரர்கள் சார்பில் தீதி.

மனு போட்டவர்களுக்குத் தலைவர் யார் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காளிகாட்டில் டிபன் கடை நடத்தும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அந்தச் சந்துக்குள் இட்லிக்கும் தோசைக்கும் வங்காளிகளை வரிசையில் நிற்க வைத்தவர். கோர்ட்டுக்குப் போகும் வழியில் வருடக்கணக்காக என் காலைச் சாப்பாடு அங்கேதான்.

மறுநாள் இலையைப் போடும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"வக்கீல் சார், அந்த இன்சூரன்சுகாரனுக்கு நீங்கதான் ஆஜராமே?"

"ஆமா அண்ணாச்சி."

"வெளங்கிரும். எங் கடை வடையத் தின்னுட்டு எனக்கு எதிராவே வாதாடுவீகளாக்கும்."

"அங்க எதிரி, இங்க கஸ்டமர். சட்னி போடுங்க."

"சட்னி கெடக்கட்டும். நான் ஒண்ணு கேக்கேன். எம் பயலுவளுக்கு ஒடம்புக்கு வந்தா நான் பாக்க மாட்டேனா? காச்சல்னா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். பெருசா எதும்னா ரயில் டிக்கெட் எடுத்து, செலவுக்குக் கையில குடுத்து, ஊருக்கு ஏத்தி விடுதேன். இதுல கவர்மெண்டுக்கு என்ன சோலி?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. இங்குள்ள நம் ஊர்க் கடைகளில் அதுதான் வழக்கம். வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் முதலாளியின் ஊரைச் சுற்றியுள்ளவர்கள். சின்ன நோய்க்கு இங்கே மருந்து, பெரிய நோய்க்கு ஹௌராவில் ரயில். குணமாகித் திரும்பி வந்தவருக்கு வேலை காத்திருக்கும். வராதவர் இடத்துக்கு அவர் தம்பியோ மைத்துனரோ வந்து சேருவார். அண்ணாச்சி ஒவ்வொருவரையும் ரயில் நிலையம்வரை தானே போய் ஏற்றிவிடுவார், போய்ச் சேர்ந்தாயா என்று போனில் விசாரிப்பார். இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அரசியல் சாசன வழக்குகளில் எதிரே நிற்பவர் பெரும்பாலும் கெட்டவராக இருக்க மாட்டார். அவரைக் கெட்டவராக்கிக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும் என்று ஜூனியர்கள் நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும் விஷயம் அது.

அந்தக் கடையின் தோசை மாஸ்டர் மாடசாமி. கல்லை விட்டு நகராத மனிதர். இடைக்காலத் தடை கேட்கும் மனு விசாரணைக்கு வர ஒரு வாரம் இருந்தபோது, ஒரு நாள் அவரே தோசையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அண்ணாச்சி வெளியே பால்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அண்ணாச்சி ஜெயிச்சா இந்த அட்டை செல்லாமப் போயிருமா?"

"தடை கிடைச்சா, அதுவரைக்கும் செல்லாமப் போகலாம். ஏன்?"

மனைவி இசக்கிக்கு இதயத்தில் வால்வு பழுதாகியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். காப்பீட்டு அட்டையின் பேரில் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடிந்து, அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். குறித்த நாள் தடை மனு வரும் அதே வாரத்தில் இருந்தது.

"ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பார்க்க முடியாதா?" என்று கேட்டேன்.

"ஊர்ல யாரு இருக்கா சார்? எங்கய்யா ஆத்தா போயாச்சு. பிள்ளையோ ரெண்டும் பெஹாலாவுல வங்காளிப் பள்ளிக்கூடத்துல படிக்கி. அதுகளுக்குத் தமிழே அரைகொறைதான். எந்த ஊருக்குப் போவ?"

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். சொல்லவும் வேண்டாம்."

எனக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டான். இந்த மனிதரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி நீதிமன்றத்தில் வைத்தால் தடை மனு அன்றே செத்துவிடும். மனுப் போட்டவரின் சொந்தக் கடையில் வேலை பார்ப்பவர், மனைவிக்கு இதய அறுவைச் சிகிச்சை. தடை கொடுக்க எந்த நீதிபதிக்கு மனம் வரும்? கேட்டும் பார்த்தேன்.

"வேண்டாம் சார்," என்றார் மாடசாமி. "அண்ணாச்சிக்கு எதிரா நான் கையெழுத்துப் போட மாட்டேன். எங் கல்யாணத்த முன்னால நிண்ணு நடத்துனவுக. அவுக தோக்கணும்னு நெனைக்கவே எனக்குப் பயமா இருக்கு."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. பெயர் சொல்லாமல் 'மனுதாரர் கடையிலேயே ஒருவர்' என்று கோடி காட்டினால்கூட, கடையில் இருக்கும் ஏழெட்டுப் பேரில் யார் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். ஒருவரின் கஷ்டம் நம் வழக்குக்கு உதவும் என்பதாலேயே அது நமக்குச் சொந்தமாகிவிடாது. இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள். வேறு வழியில்தான் அந்த அம்மாளைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். என்ன வழி என்று மட்டும் தெரியவில்லை.

என்னிடம் அப்போது இருந்ததெல்லாம் சரித்திரம். பல வாரங்கள் அதில் ஊறிக் கிடந்தேன். கட்டாயமாகப் பிடித்து வைத்தியத்துக்குச் செலவிடுவது உலகத்தில் எங்கும் இல்லாத அக்கிரமம் என்று மனுவில் எழுதியிருந்தார்கள். அது எவ்வளவு தவறு என்று காட்ட எனக்குக் கை அரித்தது. அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில், நம் யாருக்கும் தெரியாத அந்தக் காலத்திலேயே, மாலுமிகளின் சம்பளத்தில் மாதம் சில காசு பிடித்து அவர்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வசூலித்தது துறைமுகத்துச் சுங்க அதிகாரிகள். கப்பல்களை நம்பிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது, அதனால் அந்த மாலுமிகள்மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது. பிறகு ஜெர்மனி, அதன் பிறகு இங்கிலாந்து, கடைசியில் நாம். நம் சட்டம் அரசியல் சாசனத்துக்கும் மூத்தது. சாசனத்தை எழுதிக்கொண்டிருந்த அதே சபைதான், சட்டமன்றமாகவும் உட்கார்ந்து இதை நிறைவேற்றியது. இந்த ஒரு விஷயத்தை எடுத்து வீசினால் கோர்ட்டே அதிரும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

விசாரணை நாள். பட்டியலில் எங்களுக்குப் பின்னால் ஏகப்பட்ட வழக்குகள். நீதிபதி நியாயமானவர், பொறுமை மட்டும் கிடையாது. நான் மாலுமிகளைக் கப்பலில் ஏற்றுவதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"சரித்திரத்தை இறுதி விசாரணையில் ஆசை தீரக் கேட்கிறேன். இன்றைக்கு என் முன்னால் இருப்பது ஒரே கேள்விதான். நாளைக்கு இவர்கள் ஜெயித்துவிட்டால், இதற்குள் கட்டியதை யார் திருப்பிக் கொடுப்பது? அதுவரை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது?"

சரியான கேள்வி. அதற்குச் சரித்திரத்தில் பதில் இல்லை. அவர் தடை கொடுக்கத் தயாராகிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் வக்கீல்கள் குரலை உயர்த்துவார்கள். தயாரித்துக் கொண்டுவந்ததை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். நானும் அந்த ரகம்தான். ஆனால் அன்றைக்கு என் கண் முன்னால் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் ஒரு பெண் இருந்தார். கையில் இருந்த குறிப்புகளை மூடி வைத்தேன்.

"மை லார்ட், இறுதி விசாரணை வரை முதலாளிகளிடம் வசூலிக்க வேண்டாம் என்றால் நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஏற்கெனவே காப்பீட்டில் சேர்ந்தவர்களுக்கு வைத்தியம் தொடர வேண்டும். ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பு நம் வழக்கு முடியும்வரை காத்திருக்காது."

பின்னால் இருந்து என் கவுனைப் பிடித்து இழுத்தார்கள். காப்பீட்டு அலுவலகத்து அதிகாரி. "நோ இன்ஸ்ட்ரக்ஷன், சார், நோ இன்ஸ்ட்ரக்ஷன்," என்று காதருகில் சீறினார். வசூலை நிறுத்திவிட்டு வைத்தியத்தை மட்டும் தொடர என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான்.

நீதிபதி தீதியைப் பார்த்தார். தீதி என்னைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. உதடு அசையாமல் வங்காளத்தில் கேட்டார்.

"நிஜமாவே யாராவது இருக்காங்களா, தாதா?"

"இருக்காங்க."

யார் என்று கேட்கவில்லை. எழுந்து நின்றார்.

"மை லார்ட், எங்கள் சண்டை கட்டச் சொல்வதைப் பற்றித்தான். நோயாளி எவருடைய வைத்தியத்தோடும் எங்களுக்குச் சண்டை இல்லை. அது தொடரட்டும்."

அவருடைய கட்சிக்காரர்கள் ஒருவர்கூடக் கோர்ட்டில் இல்லை. கடை நேரம். யாரையும் கேட்காமல் தன் பொறுப்பில் சொன்னார். "ஆகட்டும்," என்று நீதிபதி மடமடவென்று உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த வழக்கின் வக்கீல்கள் அதற்குள் எங்களை நெருக்கித் தள்ளிக்கொண்டு முன்னே வந்துவிட்டார்கள். வெளியே வந்து மாடசாமிக்குப் போன் செய்து, பயப்பட வேண்டாம் என்றேன்.

அன்று சாயங்காலம் உத்தரவின் நகல் வந்தது. ஒரே வரி. அறிவிப்பு இறுதி விசாரணை வரை நிறுத்திவைக்கப்படுகிறது. வைத்தியம் தொடரும் என்ற வாக்கியத்தைக் காணோம். யாருடைய சதியும் இல்லை. அவசரத்தில், அந்தக் கூச்சலில், விட்டுப்போயிருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்ப்பது எழுத்தில் இருப்பதைத்தான். அறிவிப்பே நின்றுவிட்டால் அட்டையும் நின்றுவிடும். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் குரலில் காலையில் இருந்த கோபம் போய் ஒரே குஷி.

"பார்த்தேன் சார். ரொம்ப நல்லதாப் போச்சு. வரவு இல்லேன்னா செலவும் இல்ல. நமக்கு என்ன நஷ்டம்? நீங்க எதுவும் செய்ய வேண்டாம்."

"கோர்ட்டில் சொன்னது வேற, எழுதியிருக்கிறது வேற."

"சொன்னது நீங்க. நாங்க சொல்லச் சொல்லலியே?"

அவரையும் திட்டாதீர்கள். மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். மறுநாள் நானே எழுந்து நின்று திருத்தம் கேட்பது என்று முடிவு செய்தேன். ஆனால் நீதிபதி முதலில் என்ன கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் கட்சிக்காரர் சம்மதிக்கிறாரா என்பார். இல்லை என்று சொல்லிவிட்டு என்னத்தைக் கேட்பது? அந்த யோசனையில் இருக்கும்போது போன் அடித்தது. தீதி.

"தாதா, ஆர்டர் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"உங்க ஆபீசர் என்ன சொல்றார்?"

"சும்மா இருக்கச் சொல்றார்."

சிரித்தார். "என் கட்சிக்காரரும் அதையேதான் சொல்றார். தடை கிடைச்சாச்சுல்ல, அதோட விடுங்கம்மாங்கறார். இந்த வழக்கில் முதல் தடவையா ரெண்டு பேரும் ஒத்துப்போயிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கடையிலேயே ஒருவர் வீட்டில் அறுவைச் சிகிச்சை என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரியாமலேயே இசக்கியின் உயிரோடு விளையாடிக்கொண்டிருந்தார். அதை நான் தீதியிடம் சொல்லவும் முடியாது.

"நாளைக்குக் காலையில கோர்ட் கூடினதும் ஜட்ஜ்கிட்ட நானே எழுந்து மென்ஷன் பண்றேன்," என்றார் தீதி. "நீங்க எழுந்தா உங்களை உட்கார வெச்சுடுவாங்க. விட்டுப்போனது என் வாயிலேர்ந்து வந்த வார்த்தை. அதைச் சேர்க்கச் சொல்ல எனக்கு ஒருத்தர் அனுமதியும் வேண்டாம். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க, போதும்."

தம்பி தங்கைகளே, வெளியாருக்கு இது பெரிதாகத் தோன்றாது. உங்களுக்குப் புரியும். தன் கட்சிக்காரருக்குக் கிடைத்துவிட்ட லாபத்தை, அவர் வேண்டாம் என்று தடுத்த பிறகும், தானே போய்க் குறைக்கச் சொல்வது என்றால் என்ன? வழக்குப் போகும், அந்தச் சங்கம் அனுப்பும் மற்ற வழக்குகளும் போகும். கட்சிக்காரரைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். தொழிலை விட்டே நீக்கச் சொல்லி யாராவது புகார் எழுதினாலும் எழுதலாம். இதெல்லாம் தெரிந்துதான் அவர் போனை எடுத்தார்.

மறுநாள் காலை நீதிபதி வந்து உட்கார்ந்ததும், மென்ஷனுக்காக நின்ற கூட்டத்தில் முதலில் தீதி. அடுத்து நான். நீதிபதி முகம் சுளித்தார்.

"உங்களுக்குச் சாதகமாகத் தடை கொடுத்தாயிற்றே. இன்னும் என்ன?"

"ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது, மை லார்ட். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு வைத்தியம் தொடரலாம் என்று நேற்று இந்த இடத்தில் நின்று நான் சொன்னேன். அது உத்தரவில் இல்லை."

"உங்கள் கட்சிக்காரருக்கு எதிரான நிபந்தனையை நீங்களே சேர்க்கச் சொல்கிறீர்களா?"

"நான் சொன்னதைச் சேர்க்கச் சொல்கிறேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்து, அப்படித்தான் நடந்ததா என்று கேட்டார். "அப்படியேதான் நடந்தது, மை லார்ட்," என்றேன். அன்று என் அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நீதிபதி அந்த வாக்கியத்தை நிதானமாகச் சொல்லி, எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். மதியத்துக்குள் நகல் கைக்கு வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. குறித்த நாளில் இசக்கிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. முடிந்ததும் மாடசாமி போன் செய்தார். "சார்," என்றார், பிறகு அழுதார். அழுகைக்கு நடுவே "கண்ணு முழிச்சிட்டா" என்றது மட்டும் கேட்டது.

உணவகச் சங்கம் அந்த மாதமே தீதியிடமிருந்து வழக்கைப் பிடுங்கிக்கொண்டது. கேள்விப்பட்டதும் அவருடைய அறைக்குப் போனேன். எதற்கு இவ்வளவு தூரம் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் வேற வழக்குக்காக அதே ஜட்ஜ் முன்னாடி நிக்கணும், தாதா. நான் சொல்றதை அவர் நம்பணும்ல?" என்றார். வழக்குக் கட்டுகளுக்குள் எதையோ தேடிக்கொண்டே சொன்னார், என்னவோ மழைக்குக் குடை எடுத்து வந்ததற்குக் காரணம் சொல்வதுபோல.

"நீங்க காப்பாத்தினது யாரைன்னு..." என்று ஆரம்பித்தேன். கையை நீட்டித் தடுத்தார்.

"சொல்லாதீங்க. தெரிஞ்சா எனக்குத் தலைக்கனம் வந்துடும். டீ சாப்பிடுங்க."

டீ சாப்பிட்டேன். நன்றி என்று சொன்னேன். அந்த வார்த்தை போதவில்லை என்று அன்றைக்கே தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. எனக்குக் குருமார்கள் உண்டு, அவர்கள் கற்றுத் தந்தது நிறைய. ஆனால் நம் தொழிலில் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை எதிர் மேசையில் இருந்தவரிடம்தான் நான் கண்ணால் பார்த்தேன். நாளைக்கு நீங்கள் யாரோடு மல்லுக்கு நிற்கிறீர்களோ, அவரை நன்றாகக் கவனியுங்கள். உங்களைத் தோற்கடிக்க மட்டும் அவர் அங்கே வரவில்லை.

இறுதி விசாரணையில் தீதியின் இடத்தில் டெல்லியிலிருந்து வந்த ஒரு மூத்த வக்கீல் நின்றார். பிரமாதமாக வாதாடினார். அமெரிக்காவில் எல்லோரும் மருத்துவக் காப்பீடு வாங்கியே தீர வேண்டும் என்று போட்ட சட்டத்தை எடுத்துக்காட்டினார். அதையும் அங்கே வரி என்ற பெயரில்தான் காப்பாற்ற முடிந்தது, வாங்கு என்று கட்டளையிடும் அதிகாரம் இல்லை என்று நீதிபதிகளே சொன்னார்கள், இங்கே வரி என்றுகூடச் சொல்லவில்லையே என்றார். அங்கே நடுவண் அரசின் அதிகாரம் எதுவரை என்பதுதான் சிக்கல், நம் சாசனத்திலோ சமூகக் காப்பீடு என்ற சொல்லே அதிகாரப் பட்டியலில் இருக்கிறது என்றேன். பிறகு ஆசை தீர என் மாலுமிகளைக் கொண்டுவந்தேன். சாசனம் எழுதிய சபையே இதையும் எழுதியது என்று நான் வீசியதற்கு, "பழைய சட்டம் என்பதாலேயே எதுவும் தப்பிவிடாது. எத்தனையோ பழைய சட்டங்களை நாங்கள் வெட்டியிருக்கிறோம்," என்று நீதிபதி சொன்னார். கோர்ட் ஒன்றும் அதிரவில்லை. ஆனால் குறித்துக்கொண்டார்.

கடைசியாக அவர் கேட்டது இது. "இந்த மனுதாரர் தன் ஆட்களைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நல்லவரை எதற்குக் கட்டாயப்படுத்த வேண்டும்?" நல்லவர் கடையை விற்கலாம், நொடித்துப் போகலாம், இல்லாமலும் போகலாம், தொழிலாளியின் இதயம் அதையெல்லாம் பார்த்துப் பழுதாவதில்லை என்றேன். தலையை ஆட்டினார். பூஜை விடுமுறைக்கு முன்னால் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும், அறிவிப்பும் செல்லும். பெரிய வழக்கு, நல்ல தீர்ப்பு. என் அறையில் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

துர்கா பூஜை முடிந்த வாரம் காளிகாட்டில் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருந்தேன். தோற்றவர் என்ற முறையில் எனக்கு இரண்டு தடவை சாம்பார் ஊற்ற மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை தானாகவே ஊற்றினார். அப்போது வாசலில் ஒரு பெண் இரண்டு சிறுமிகளோடு, கையில் இனிப்புப் பெட்டியோடு வந்தார். பூஜை முடிந்ததும் பெரியவர்களைத் தேடிப் போய்க் காலைத் தொட்டு இனிப்புக் கொடுப்பது இங்கத்து வழக்கம். பெஹாலாவில் பல வருடம் இருந்ததில் இசக்கிக்கும் அது பழகிவிட்டிருந்தது. குனிந்து அண்ணாச்சியின் காலைத் தொட்டார். பிள்ளைகளும் தொட்டன.

"நல்லாருங்க, நல்லாருங்க. என்னம்மா, இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?"

"ஆபரேசனுக்கு முன்னால இன்னும் மோசமா இருந்தேன் அண்ணாச்சி. இப்பம் மாடிப்படியெல்லாம் ஏறுதேன்."

"என்ன ஆபரேசன்?"

இசக்கி திரும்பிப் புருஷனைப் பார்த்தார். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தார். நேரே தோசைக்கல் பக்கம் போனார்.

"எலே மாடசாமி, வீட்ல காச்சல்னு சொல்லில்லா லீவு வாங்குன? என்ன ஆபரேசன்?"

"நெஞ்சுல, அண்ணாச்சி. வால்வு மாத்துனாங்க. அந்த அட்டையிலதான்."

அண்ணாச்சியின் கண் என் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. எந்த அட்டை, எந்த வாரம், எந்தத் தடை என்று அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

"நெஞ்சைப் பொளந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே? நான் என்ன செத்தா போயிட்டேன்? கடைய அடமானம் வச்சாவது குடுத்திருப்பேம்லே!"

"குடுத்திருப்பீக அண்ணாச்சி. எனக்குத் தெரியும்."

"பொறவு?"

மாடசாமி கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டார். துண்டில் கையைத் துடைத்தார்.

"அம்புட்டையும் உங்ககிட்ட வாங்கிட்டா, சம்பளத்தக் கூட்டித் தாங்கன்னு பொறவு எந்த வாயால அண்ணாச்சி கேப்பேன்?"

கடையில் இருந்த வங்காளிகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹௌராவில் தான் ஏற்றிவிட்ட முகங்களை ஒவ்வொன்றாக அண்ணாச்சி நினைத்துப் பார்த்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றியது. பிறகு கல்லாவுக்கு வந்து உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து ஓர் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சின்னவளுக்கு ஒன்று கொடுத்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, தோசைக்கல் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"சரி, எம்புட்டு கூட்டிக் கேக்கப் போற? கேட்டுத் தொலை."